ஊர் சுத்த சின்ன மிரர்லெஸ் கேமரா: எந்த சிஸ்டம், எத்தனை லென்ஸ்?

கேள்வி | 3 ஆகஸ்ட் 2025, காலை

குடும்பத்தோட வெளியூர் போறப்ப எடுத்துட்டுப் போக ஒரு கேமரா வேணும், லென்ஸோட சேத்து ஒரு லட்சத்துக்குள்ள. கல்யாணமான புதுசுல வாங்கின டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச பெரிய கேமரா) பரண்ல கிடக்கு, வெயிட்டு தாங்கல. டிசம்பர் லீவுல ஜெய்சல்மேர் (ராஜஸ்தான் பாலைவனம்) போறோம், வைஃப், ரெண்டு பசங்க (7 வயசு, 4 வயசு). சோனி ஏ6400, ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 4, ஃபியூஜி எக்ஸ்-டி30 மார்க் 2, இதுல எது? எத்தனை லென்ஸ்? வீடியோ பெருசா எடுக்க மாட்டேன். புதுசு, பழசு எதுவா இருந்தாலும் சரி.

3 ஆகஸ்ட் 2025, இரவு 10:40

தம்பி, நான் தூத்துக்குடிக்காரி, அம்மாவக் கூட்டிக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு மூணு ஊர் போறவ. நீங்க சொன்னதுல இ-எம்10 மார்க் 4 தான் நாலு வருஷமா என் கையில இருக்கு, அதனால என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், தெரிஞ்சே படிங்க.

எங்கிட்டயும் பெரிய டிஎஸ்எல்ஆர் இருந்துச்சு, 18-140 லென்ஸோட ஒண்ணேகால் கிலோ. ராமேஸ்வரம் போனப்ப கோயிலுக்குள்ள கேமரா விடமாட்டாங்கன்னு ரூம்லயே வச்சுட்டுப் போனேன். மறுநாள் தனுஷ்கோடி, அன்னைக்காவது எடுத்துருக்கணும், மொத நாள் அலைஞ்ச அலைச்சல்ல தோள்பட்ட வலி, அன்னைக்கும் ரூம்லயே கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் கொந்தளிப்பு ஒரு பக்கம் குளம் மாதிரி, அத்தனையும் போன்லதான் எடுத்தேன். ஊருக்கு வந்த மொத வேலையா அத வித்துட்டேன்.

இப்ப என் பையில இருக்கறது: பாடி, 12-45 எஃப்4, 25 எஃப்1.8, 40-150 எஃப்4-5.6. மொத நம்பர் மிமீ கணக்கு, கொறைஞ்சா அகலமா எடுக்கும், கூடினா தூரம் இழுக்கும்; எஃப் நம்பர் லென்ஸ் ஓட்டையோட அளவு, நம்பர் கொறைஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி. ஒலிம்பஸ்ல இருக்கற மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் (படம் பதியற சில்லு) 17.3 x 13 மிமீ, ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்குக்கு மிமீ எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்கோங்க, அப்ப 24-90, 50, 80-300. மூணு லென்ஸும் அம்மாவோட கைப்பையிலயே அடங்கிரும், மேல ஒரு துண்டப் போட்டா கேமரா இருக்கறதே தெரியாது. சோனி, ஃபியூஜில இதே ரேஞ்ச் வேணும்னா ரெண்டு மடங்கு வெயிட்டு ஆயிரும்.

கையாட்டம் பத்தியும் சொல்லணும். ஒலிம்பஸ்ல சென்சாரே அசைஞ்சு கையாட்டத்த சரிக்கட்டும், ஏ6400லயும் அது உண்டு, ஃபியூஜி எக்ஸ்-டி30லதான் கிடையாது. மூணுலயும் வியூஃபைண்டர் (கண்ண வச்சுப் பாக்கற ஜன்னல்) இருக்கு, அது இல்லாதத வாங்கவே வாங்காதீங்க, நம்ம ஊர் மத்தியான வெயில்ல பின்னாடி ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது, குத்துமதிப்பா அமுக்க வேண்டியதுதான்.

என் ஓட்டு இ-எம்10 மார்க் 4, கூட இந்த மூணு லென்ஸ்.

4 ஆகஸ்ட் 2025, காலை 6:15

தப்பு சொல்லிட்டேன், திருத்திக்கோங்க. ஏ6400ல சென்சார் ஸ்டெபிலைசேஷன் (அதான் அந்தக் கையாட்டத் தடுப்பு) கிடையாது. அந்த வரிசையில 2016ல வந்த ஏ6500லயும், ஏ6400 வந்த அதே 2019ல வந்த ஏ6600லயும், 2023ல வந்த ஏ6700லயும்தான் உண்டு. ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஏ6600ஐ நெனச்சு எழுதிட்டேன். சுட்டிக் காட்டின அண்ணனுக்கு நன்றி.

9 ஆகஸ்ட் 2025, மாலை

"ரெண்டு மடங்கு வெயிட்டு"ன்னு எழுதினது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கு சனிக்கிழம, அம்மா முறுக்கு மாவு அளக்குற டிஜிட்டல் தராசத் தொடச்சு எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன். என்னோடது கம்பெனி போட்டுருக்கற கணக்கோட ரெண்டு மூணு கிராம்தான் முன்ன பின்ன. மத்தது எங்கிட்ட இல்ல, அதுக்கு கம்பெனி கணக்கு.

இ-எம்10 மார்க் 4 பேட்டரி, கார்டோட 383 கிராம், 12-45 எஃப்4 254. மொத்தம் 637.

ஏ6400 403, அதுக்கு சிக்மா 18-50 எஃப்2.8 போட்டா 290. மொத்தம் 693.

ஃபியூஜி எக்ஸ்-டி30 மார்க் 2 378, 18-55 எஃப்2.8-4 310. மொத்தம் 688.

பாத்தீங்களா? நான் ரெண்டு மடங்குன்னேன், வித்தியாசம் 56 கிராம். ஒரு முட்டை. அந்த முட்டை வெயிட்டுக்கு சோனிக்காரருக்கு பெரிய சென்சாரும் கெடைக்குது, எஃப்2.8ம் கெடைக்குது. இத எழுத எனக்கு மனசு கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு, ஆனா தராசு சொல்றது அதுதான்.

இன்னும் ஒண்ணு. சோனி ஏ7சி, ஃபுல் ஃப்ரேம், 509 கிராம், அதோட 28-60 கிட் லென்ஸ் (கேமராவோட சேத்தே விக்கறது) 167. மொத்தம் 676. ஃபியூஜி ஜோடிய விட கம்மி! அப்ப சென்சார் பெருசுன்னா வெயிட்டு ஜாஸ்திங்கறது பாதி உண்மைதான். வெயிட்டக் கூட்டறது எஃப் நம்பரும், எவ்ளோ தூரம் எட்டணும்ங்கறதும்தான். தூரத்துக்குப் போனாத்தான் சின்ன சென்சாரோட லாபம் தெரியும்: என் 40-150 190 கிராம், சோனி 55-210 345 கிராம், சோனி 70-350 625 கிராம். பறவை எடுக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். பிள்ளைங்கள ஒட்டகத்து மேல உக்கார வச்சு எடுக்கறவங்களுக்கு ஒண்ணுமே இல்ல.

10 ஆகஸ்ட் 2025

தராசுல மாவு ஒட்டிருந்துச்சு, தொடச்சிட்டேன்னு நெனச்சேன். 12-45 ரப்பர் பிடியில இப்ப கடலமாவு. பிரஷ் போதும், தண்ணி வேணாம்.

17 ஆகஸ்ட் 2025, பிற்பகல்

"இதெல்லாம் எதுக்கு, போனே போதுமே"ன்னு ஒருத்தர் கேட்டுருக்காரு. நியாயமான கேள்வி. நான் யோசிச்ச வரைக்கும் சொல்றேன்.

போன்ங்கறது உங்க பாக்கெட்ல ஏற்கெனவே இருக்கற ஒரு வைடு லென்ஸ் (அகலமா எடுக்கறது), ஃபுல் ஃப்ரேம் கணக்குல சுமாரா 24 மிமீ. பகல் வெளிச்சத்துல ஒரு கோயில் முன்னாடி குடும்பத்த நிக்க வச்சு எடுக்க அதுவே தாராளம், பிரிண்ட் போட்டாலும் பலருக்கு வித்தியாசம் தெரியாது. அப்பறம் எதுக்கு கேமராக்கும் அதே 24 மிமீ? போன் திணறுற எடம் ரெண்டு. ஒண்ணு தூரத்துல இருக்கறது. இன்னொண்ணு பொழுது சாஞ்சதுக்கு அப்பறம் அசையற ஆள், அதாவது விளக்கு வெளிச்சத்துல சாப்பிடற பிள்ளை, தெப்பத்துல ஆடற ஆளுங்க. காச அந்த ரெண்டுக்குப் போடுங்க.

சும்மா சொல்லல, கடைசி மூணு பயணத்துல எடுத்தத எண்ணிப் பாத்தேன். எடுத்தது ரெண்டாயிரத்துக்கு மேல, வச்சுக்கிட்டது 186. அதுல 25 மிமீ பிரைம்ல (ஜூம் இல்லாத லென்ஸ்) எடுத்தது 71, டெலில (தூரம் இழுக்கற 40-150) எடுத்தது 64, நான் உயிரா நெனைக்கற 12-45ல எடுத்தது வெறும் 51. அந்த 51லயும் 33 படம் 12 மிமீ முனையில, அதாவது போன்லயே எடுத்துருக்கலாம்.

ஆக 12-45 இல்லாமலே போலாம் போல. 383 + 137 + 190, மொத்தம் 710 கிராம். அடுத்த பயணம் அப்படித்தான், பாப்போம்.

18 ஆகஸ்ட் 2025, இரவு

எஃப்4ன்னா மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல எஃப்8 தானே, ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் தெறந்து மூடற வேகம்) ரெண்டு ஸ்டாப், அதாவது நாலுல ஒரு பங்கா, கொறையுமேன்னு ஒரு தம்பி கேட்டுருக்கீங்க. கொறையாது. எஃப்4ன்னா எந்த சென்சார்லயும் எஃப்4 தான், ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற அளவு) ஒண்ணா இருந்தா ஷட்டர் ஸ்பீடும் ஒண்ணுதான். மாறுறது ரெண்டு: பின்னணி மங்கறது ஃபுல் ஃப்ரேம் எஃப்8 அளவுக்குத்தான் இருக்கும், அப்பறம் சென்சார் பரப்பு கால்வாசிதான்ங்கறதால மொத்தமா விழற வெளிச்சம் கம்மி, அதே ஐஎஸ்ஓல புள்ளி புள்ளியா நாய்ஸ் ஜாஸ்தி தெரியும். மாடி ரெண்டும் ஒரே மழையிலதான் நனையுது, பெரிய மாடியில ஜாஸ்தி தண்ணி சேரும், அவ்ளோதான்.

பின்னணி மங்காதது எப்பவும் நஷ்டம் இல்ல. ஊருக்குப் போய் நிக்கறப்ப ஆளும் தெரியணும், ஊரும் தெரியணும்.

30 ஆகஸ்ட் 2025

கேள்விக்கு சம்பந்தமில்லாத விஷயம், ஆனா கடலோரத்துல இருக்கறவங்க எல்லாரும் படிங்க. பூஞ்சை.

அப்பாவோட பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் ஒண்ணு, தோல் உறையில போட்டு மர அலமாரியில துணிக்கு நடுவுல பத்திரமா வச்சிருந்தோம். இருட்டு, ஈரக்காத்து, தோல், பூஞ்சை வளர இத விட வேற என்ன வேணும். ஒரு நாள் எடுத்துப் பாத்தா கண்ணாடிக்குள்ள செலந்தி வல மாதிரி படந்துருக்கு. சுத்தம் பண்ணக் குடுத்தேன், பூஞ்சை போச்சு, ஆனா மேல் பூச்ச அது அரிச்ச தடம் போகல. அப்பா கையால தொட்ட பொருள், இன்னும் அலமாரியில இருக்கு, இப்ப வெளிச்சம் படற எடத்துல.

டிரை கேபினெட் வாங்க முடிஞ்சா நல்லது, ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க, ரொம்ப காஞ்சாலும் ரப்பருக்கும் உள்ள இருக்கற மசகுக்கும் ஆகாது. முடியலன்னா ரப்பர் வளையம் போட்ட காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள ஒரு சின்ன ஈரமானி. நீலக் கலர் சிலிக்கா ரோஸ் ஆச்சுன்னா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், வறுத்து மறுபடி போடலாம், சமைக்கற சட்டியில வேணாம். அரிசிக்குள்ள பொதைக்கறத மட்டும் செய்யாதீங்க, மாவுத்தூசி உள்ள போயிரும். எல்லாத்தையும் விட நல்ல மருந்து கேமராவ அடிக்கடி வெளிய எடுத்து உபயோகிக்கறதுதான்.

14 செப்டம்பர் 2025

"ஒலிம்பஸ் மூடிட்டாங்களே, அத வாங்கச் சொல்றீங்களே." மூடல, கை மாறுச்சு. 2021 ஜனவரி 1ல இருந்து கேமரா பிரிவு ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்னு தனிக் கம்பெனி. ஓஎம்-1 2022ல வந்துச்சு, ஓஎம்-3ம் ஓஎம்-5 மார்க் 2ம் இந்த வருஷம் வந்துருக்கு. மவுண்ட்ட (லென்ஸ் மாட்டற வாய்) 2008லயே பானசோனிக்கும் ஒலிம்பஸும் சேந்துதான் அறிவிச்சாங்க, அதனால பானசோனிக் லென்ஸும் இதுல அப்படியே உக்காரும்.

ஆனா பயம் நியாயமானது. நிக்கான் 1ங்கற சிஸ்டம் 2011ல வந்து 2018ல போச்சு. கேனான் இஎஃப்-எம் 2012ல வந்து 2023ல முடிஞ்சிருச்சு, அந்த லென்ஸ கேனானோட புது ஆர்எஃப் மவுண்ட் பாடில அடாப்டர் போட்டுக்கூட மாட்ட முடியாது, மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒத்து வராது. என் பக்கத்து வீட்டு அக்கா அந்த இஎஃப்-எம் பாடியும் 22 மிமீ எஃப்2 லென்ஸும்தான் வச்சிருக்காங்க, பேத்தி படம் எல்லாம் அதுலதான், அவ்ளோ அழகா இருக்கும். கம்பெனி நிறுத்தினதால அவங்க லென்ஸ் கெட்டுப் போகல. புதுசா அதுல காசு போடாதீங்க, கையில இருக்கறத வச்சு எடுத்துக்கிட்டே இருங்க.

5 அக்டோபர் 2025, இரவு

வால்பாறை போயிட்டு வந்தாச்சு. 710 கிராம் செட்டு, 12-45 வீட்டுல.

ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, அம்மாவுக்கு தலை சுத்தல் வராம இருக்க முன் சீட்டு, எலுமிச்சம்பழம், நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் போனோம். அந்த நிறுத்தம்தான் எனக்கு வாய்ச்சது. அம்மா பத்து நிமிஷம் உக்காந்தா நான் பத்து நிமிஷம் நிதானமா லென்ஸ் மாத்துவேன், கீழ ஆழியார் அணைய டெலில மடிப்பு மடிப்பா எடுப்பேன், அப்பறம் 25 மாட்டி அம்மா டீ குடிக்கறத எடுப்பேன்.

புதுத்தோட்டம் பக்கத்துல சிங்கவால் குரங்கு ரோட்டோரமாவே உக்காந்துருந்துச்சு, 25 மிமீயே போதுமா இருந்துச்சு, அவ்ளோ கிட்ட. தீனி போடாதீங்க, வண்டிக்கு முன்னாடி வந்து விழுந்து சாகுதுங்க.

ரெண்டாம் நாள் மழை. இ-எம்10க்கு மழைத் தடுப்பு கிடையாது. குளிக்கறப்ப தலைல போடற பிளாஸ்டிக் தொப்பியக் கவுத்து, லென்ஸ் முனைக்கு மட்டும் ஓட்டை போட்டு, வியூஃபைண்டர் பக்கம் திறந்து விட்டு எடுத்தேன், தூறலுக்குத் தாங்குச்சு. நல்லா கொட்டுனப்ப பைக்குள்ள போட்டுட்டேன். ஓஎம்-5க்கு ஐபி53 பாதுகாப்பு (தூசி, தூறல் தாங்கற தரம்) உண்டு, அத அன்னைக்கு மனசு நெனச்சுச்சு.

6 அக்டோபர் 2025, காலை

நேத்து எழுத மனசு வரல. இருவாச்சி பாத்தோம். சோலை விளிம்புல ஒரு பெரிய மரம், ரெக்கைச் சத்தம் மொதல்ல கேட்டுச்சு, ரயில் தூரத்துல வர்ற மாதிரி, அப்பறம் மஞ்ச அலகு. 150 மிமீ முழுசா இழுத்தும் படத்துல கட்டவிரல் நகம் அளவு. 75-300 லென்ஸ் 423 கிராம், போன வருஷம் ஒருத்தர் பழசுல குடுக்கறேன்னாரு, வேணாம்னுட்டேன்.

அம்மா சொன்னாங்க, "நீ கண்ணால பாத்தியா இல்லியா, அத சொல்லு." பாத்தேன். ரெண்டு நிமிஷம் கேமராவ எறக்கிட்டு நல்லாவே பாத்தேன். ஆனாலும் அந்த லென்ஸ் வேணும்.

12 அக்டோபர் 2025

வால்பாறைல இருந்து வந்ததுலருந்து தம்பியோட கேள்விய மறுபடி மறுபடி படிக்கறேன். நான் மொத நாள் சொன்ன பதில் எனக்கான பதில், அவருக்கானது இல்ல.

நான் கூட்டிட்டுப் போறது 67 வயசு அம்மாவ. மெதுவா நடப்பாங்க, அடிக்கடி உக்காருவாங்க. அந்த வேகத்துக்கு பிரைம் லென்ஸ், நிதானமான ஃபோகஸ், லென்ஸ் மாத்தறது எல்லாம் பொருந்துது. அவர் கூட்டிட்டுப் போறது 7 வயசும் 4 வயசும். பிள்ளைங்க உக்காராது. ஒரு கை கேமராவுல இருந்தா இன்னொரு கை சின்னவனோட சட்டையப் பிடிச்சிருக்கணும், லென்ஸ் மாத்தறதுக்கு மூணாவது கை எங்க இருக்கு?

இ-எம்10 மார்க் 4ல ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறைதான், நிக்கற ஆளுக்கு டக்குனு பிடிக்கும், ஓடி வர்ற பிள்ளைக்கு முன்ன பின்ன தேடும். என் தங்கச்சி பையன் பீச்ல ஓடினத எடுத்தேன், இருபது படத்துல அஞ்சு தேறுச்சு. ஏ6400ல 425 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளி (தேடாம நேரா ஃபோகஸ் பிடிக்கற முறை), கண்ணப் பிடிச்சுக்கிட்டு கூடவே வரும். நான் ஒலிம்பஸ்ல புகழ்ந்த ஸ்டெபிலைசேஷன் இருக்கே, அது என் கையாட்டத்த நிறுத்தும், பிள்ளை ஆடறத நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் ஸ்பீடு வேணும், 250ல ஒரு பங்கு செகண்டாவது, அதுக்கு எஃப்2.8 வேணும்.

அதனால, எங்கிட்ட இல்லாத சிஸ்டமா இருந்தாலும் சொல்றேன்: ஏ6400, சிக்மா 18-50 எஃப்2.8, ஒரே லென்ஸ், மாத்தவே வேணாம். எந்த கேமரான்னு கேக்கறதுக்கு முன்னாடி கூட யார் வர்றாங்கன்னு நான் கேட்டுருக்கணும், நீங்க கேள்வியிலயே எழுதியும் இருந்தீங்க.

ஃபியூஜி பத்தி நான் பேசவே இல்லன்னு ஒருத்தருக்கு வருத்தம். அந்த கலர் எனக்குப் பிடிக்கும், கேமராலருந்து வர்ற ஜேபெக்க அப்படியே அனுப்பலாம், கிளாசிக் குரோம்ங்கற அதோட கலர் மோடுல நம்ம ஊர் மஞ்ச வெயில் அவ்ளோ அடக்கமா வரும். தனியா ஊர் சுத்தற ஆளா இருந்தா, 84 கிராம் 27 மிமீ எஃப்2.8 ஒண்ண மாட்டிக்கிட்டு தெருத்தெருவா நடக்கறவரா இருந்தா, நான் ஃபியூஜிதான் சொல்லுவேன்.

23 நவம்பர் 2025

ஹம்பி. தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸ்ல பெங்களூரு, அங்கேர்ந்து ஹம்பி எக்ஸ்பிரஸ்ல ஹோஸ்பேட். இந்தத் தடவ 12-45யும் எடுத்துட்டுப் போனேன், ஏன்னு கீழ வருது.

விருபாட்சர் கோயில்ல பின்பக்கம் ஒரு இருட்டு அறை, சுவத்துல சின்னத் துளை, அது வழியா ராஜகோபுரத்தோட நெழல் எதிர்ச் சுவத்துல தலைகீழா விழுது. 9 நிலை, கிட்டத்தட்ட 50 மீட்டர் கோபுரம், உள்ள ஒரு ஆள் ஒசரத்துக்குள்ள கவுந்து நிக்குது. லென்ஸே இல்லாத கேமரா. 25 எஃப்1.8, ஐஎஸ்ஓ 1600, கால் செகண்டு, கையிலயே பிடிச்சு எடுத்தேன், ஸ்டெபிலைசேஷன் அங்கதான் சோறு போட்டுச்சு. அம்மாவுக்கு எஃப் நம்பர் இத்தன வருஷமா புரியல, அங்க புரிஞ்சிருச்சு: ஓட்டை சின்னதானா படம் தெளிவு, ஆனா இருட்டு, பெருசானா வெளிச்சம், ஆனா கலங்கல். "கோயில் கட்டினவனுக்கே கேமரா தெரிஞ்சிருக்குடி"ன்னாங்க.

லென்ஸ் வச்ச கேமராவுல எஃப் நம்பர ஏத்திக்கிட்டே போனா தெளிவும் கூடிக்கிட்டே போகும்னு நெனச்சுறாதீங்க. இந்த சின்ன சென்சார்ல எஃப்8 தாண்டினா டிஃப்ராக்ஷன்ல (சின்ன ஓட்டையில ஒளி வளைஞ்சு செதறறது) கூர்மை மங்க ஆரம்பிக்கும். நான் எஃப்5.6லயே பெரும்பாலும் நிறுத்திருவேன்.

விட்டலர் கோயில்ல கல் தேர். அம்மா பர்ஸ்ல இருந்து 50 ரூபா நோட்ட எடுத்து, பின்பக்கம் அதே தேர் போட்டுருக்கே, அத நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நோட்டும் தெரியணும் தேரும் தெரியணும்னாங்க. 12 மிமீ, எஃப்8, ஃபோகஸ் சுமாரா 1.2 மீட்டர்ல. 60 சென்டிமீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் தெளிவு. நோட்டுல காந்தித் தாத்தா பக்கம் இல்ல, தேர்ப் பக்கம், பின்னாடி நெஜத் தேர், ரெண்டும் பளிச். ஃபுல் ஃப்ரேம்ல இதே படத்துக்கு எஃப்16 போகணும். ஆகஸ்ட்ல 12-45 இல்லாமலே போலாம்னு எழுதினேனே, அத வாபஸ் வாங்கிக்கறேன். 186 படத்த எண்ணினேன், அந்த 33 படத்துல எத்தன சாயங்காலம் எடுத்ததுன்னு எண்ணல. இப்ப எண்ணினா 19. போன்ல அது வந்துருக்காது.

25 நவம்பர் 2025

ஜெய்சல்மேர் போற தம்பிக்கு மணல் பத்தி.

திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கு, செம்மண் மேடு மேடா, பாலைவனம்தான். அங்க காத்து அடிக்கறப்ப லென்ஸ் மாத்தினேன். அப்ப வச்சிருந்தது ஒரு பவர் ஜூம், ஸ்விட்ச் போட்டா மூக்கு நீட்டுற ரகம். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா நறநறன்னு பல்லக் கடிக்கற சத்தம், பாதியில நின்னுருச்சு, அதோட சரி. தப்பு என்னோடதுதான்.

மணல்ல லென்ஸ கழட்டவே கூடாது. நீளுற ஜூம் எல்லாமே காத்த உள்ள இழுக்கும், சிக்மா 18-50ம் நீளும், அதனால எடுத்து முடிச்சதும் சுருக்கி, பைக்குள்ள, ஜிப்பு. கட்டாயம் மாத்தணும்னா வண்டிக்குள்ள, கேமராவ ஆஃப் பண்ணி, வாய் கீழ பாக்கற மாதிரி. தூசிய ரப்பர் ப்ளோயரால ஊதுங்க, வாயால ஊதினா எச்சி பட்டுரும். மணல் ஒட்டின கண்ணாடிய துணியால தேய்க்காதீங்க, மொதல்ல ஊதுங்க, அப்பறம் பிரஷ், கடைசிலதான் துணி. கடல் உப்புக்கு மட்டும் நேர்மாறா, காஞ்ச துணி கோடு போட்டுரும், லேசா ஈரம் பண்ணி ஒத்தி எடுங்க.

ஸ்பேர் பேட்டரி எல்லாம் விமானத்துல கைப்பையில, செக்-இன் பெட்டியில போடக் கூடாது. 100 வாட்-அவர் வரைக்கும் தனியா அனுமதி தேவையில்ல, நம்ம பேட்டரி அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. ராத்திரி குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கும், ஒண்ண சட்டப் பாக்கெட்ல வச்சுக்கோங்க.

2 டிசம்பர் 2025

தம்பி சென்னையில பழசு பாக்கப் போறாராம். போன் டார்ச்ச லென்ஸோட பின்பக்கத்துலருந்து அடிச்சு முன்பக்கம் சாய்வா பாருங்க, பூஞ்சை இருந்தா நூல் நூலா தெரியும், ஒண்ணு ரெண்டு தூசி இருந்தா பரவால்ல. அபர்ச்சர் இதழ்ல (லென்ஸ் ஓட்டைய சுருக்கி விரிக்கற தகடு) எண்ணெய் பளபளக்கக் கூடாது. மவுண்ட் திருகாணியில ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தா பிரிச்சுருக்காங்கன்னு அர்த்தம், எதுக்குன்னு கேளுங்க. வெள்ளச் சுவத்த எஃப்16ல ஒரு படம் எடுத்துப் பெருசு பண்ணா சென்சார் அழுக்கு தெரிஞ்சிரும். ஷட்டர் கவுன்ட் (இதுவரைக்கும் எத்தன படம் எடுத்துருக்குங்கறது) கேளுங்க. பில்லு முக்கியம், வெளிநாட்டுலருந்து பில்லு இல்லாம வந்த சரக்குக்கு இங்க வாரண்டி எதிர்பாக்க முடியாது. என் இ-எம்10 பழசுதான், நாப்பத்தி ரெண்டாயிரம், பில்லோட.

அவசரப்படுத்தறவர்ட்ட வாங்காதீங்க.

28 டிசம்பர் 2025

ஒட்டகப் படம் பாத்தேன் தம்பி! சின்னவன் பயத்துல கண்ண மூடிக்கிட்டு, பெரியவ சிரிச்சுக்கிட்டு, ரெண்டு பேர் மொகமும் பளிச்சுனு, பின்னாடி மணல் மேடு மஞ்சளா. ஏ6400 உங்க கைக்கு நல்லா பழகிருச்சு. கோட்டை உள்ள அந்தச் சந்துல எடுத்ததுல கொஞ்சம் மங்கல் இருக்கு, அது ஷட்டர் ஸ்பீடு கம்மி, ஐஎஸ்ஓவ 3200 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க, மங்கலான படத்த விட புள்ளி விழுந்த படம் மேல்.

ரெண்டாவது லென்ஸ் இப்ப வேணாம். ஆறு மாசம் இதுலயே எடுங்க, எந்தப் பக்கம் முட்டுதுன்னு தானா தெரியும். எனக்கு இருவாச்சி சொல்லுச்சு, 75-300 வாங்கிட்டேன்.

11 ஜனவரி 2026

கேமரா கெட்டுப் போச்சு, வியூஃபைண்டர்ல எல்லாமே கலங்கலா தெரியுது, ஆனா எடுத்த படத்த கம்ப்யூட்டர்ல பாத்தா நல்லா இருக்குன்னு எழுதிருக்கீங்க. ஒண்ணும் ஆகல. வியூஃபைண்டர் பக்கத்துல சின்னச் சக்கரம் ஒண்ணு இருக்கும், கண் பவருக்கு ஏத்த மாதிரி திருப்பறது. வீட்டுல கண்ணாடி போடறவங்க யாராவது எடுத்துப் பாத்துருப்பாங்க. உள்ள தெரியற எழுத்தும் நம்பரும் தெளிவாற வரைக்கும் திருப்புங்க, சரியாயிரும்.

எங்க வீட்டுலயும் தெனம் இதே கதைதான். அம்மாவுக்கு ஒரு கண்ல கேட்ராக்ட் ஆபரேஷன் ஆச்சு, ஹம்பிலருந்து வந்ததுலருந்து காலைல மொட்டமாடிக்கு கேமராவ எடுத்துட்டுப் போயி தண்ணித் தொட்டிக்கு வர்ற மைனாவ எடுக்கறாங்க, 75-300ஐ மாட்டி. நான் சாயங்காலம் எடுத்தா சக்கரம் அவங்க பவர்ல இருக்கும். என் கண்ணுக்கு எதுன்னு வெள்ள நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி, அவங்களுக்கு செவப்புப் புள்ளி வச்சிருக்கேன்.